சாமிக்கு விட்ட இடம்

இதில் நான் கண்ணால் கண்டவற்றையும், கண்டவர் இருவரேனும் ஒத்துச் சொன்னவற்றையும் தவிர வேறெதையும் எழுதப் போவதில்லை. காரணம் எளியது. சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் நான் சர்வர் அமைத்த கதை, திருப்பதியில் கம்ப்யூட்டர் விற்றுப் பிழைத்த எங்கள் வட்டத்தில் பல ஆண்டுகள் உலவியது; உலவ உலவ வளர்ந்தது. டிஸ்க் நிரம்பிய அன்று சாமிக்கு விட்டிருந்த பகுதி தானே திறந்துகொண்டது என்றார் ஒருவர். கற்பூரம் காட்டியதில் ஒயர் கருகிவிட்டது என்றார் மற்றொருவர். ஒரு தேநீர்க் கடையில், நான் யாரென்று அறியாத ஒருவர் அந்தக் கதையை என்னிடமே சொன்னார். அதில் நான் பெங்களூர்க்காரனாக இருந்தேன். திருத்த வாயெடுத்தேன். களைப்பாக இருந்ததால் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நான் கேட்ட எந்த வடிவத்திலும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பெண் இல்லை. சாமி இருந்தார், முதலாளி இருந்தார், டிஸ்க் இருந்தது. அந்த அம்மையாரை விட்டுவிட்டால் இக்கதையில் எவருக்கும் இழப்பு இல்லை. இழப்பில்லாத கதை சொல்வதற்கு எளிது. ஆகவே, தெரிந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். சொற்களிலும் அதே வரம்பைக் கடைப்பிடிக்கிறேன். டிஸ்குக்கும் பார்ட்டிஷனுக்கும் நல்ல தமிழ்ச் சொற்கள் உண்டு என்பதை அறிவேன். ஆனால் அன்று அந்த அறையில் எவரும் அவற்றைச் சொல்லவில்லை.

நான் முறையாகப் படித்தது தமிழ். சத்தியவேட்டை அடுத்த ஆந்திர எல்லைக் கிராமம் ஒன்றில் பிறந்து, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக்குப் போய் இலக்கணமும் இலக்கியமும் கற்றுப் பட்டம் பெற்றுத் திரும்பியபோது, எங்கள் மாவட்டத்தில் தமிழாசிரியர் இடங்கள் அருகிப் போயிருந்தன. அதே காலத்தில் திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்புகள் திறந்தன. என் தந்தை, நைனா, அதிகம் பேசுகிறவர் அல்லர். "எது சோறு போடுதோ அத்தப் படி" என்றார். படித்தேன். என்னுடன் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் போனார்கள். போனவர்கள் விட்டுச் சென்ற வேலை, நின்றவர்கள் தலையில் விழுந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறையில் இயங்கிய எங்கள் நிறுவனத்தில், ஒரு கட்டத்தில் சர்வர் அமைக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே எஞ்சினேன். அதில் பெருமை ஏதும் இல்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவே.

மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைக்கு முதன்முதல் போனது பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில். ஆலை உறங்கிக்கொண்டிருந்தது. கொதிகலன் குளிர்ந்து கிடந்தது. காய் வந்து இறங்கும் தளத்தில் எவரோ மிளகாய் உலர்த்தியிருந்தார்கள். ஏற்றுமதி பெருகிவிட்டது, வாங்குகிற வெளிநாட்டார் எல்லாவற்றுக்கும் பதிவு கேட்கிறார்கள், ஆகவே எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரு சர்வரில் சேர்க்க வேண்டும் என்பது முதலாளியின் எண்ணம். அவர் தெலுங்கர், எங்களைப் போன்றவர்களிடம் பேசும்போது தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். சீசனில் அவரை எவரும் பிடிக்க முடியாது. அதனால்தான் திட்டமிடுவதற்கு ஆலை ஓயும் மாதத்தைத் தேர்ந்திருந்தார். அந்தப் பகுதி ஆலைகள் எல்லாவற்றிலும் அதுவே வழக்கம். யந்திரம் வாங்குவது, சுவர் எழுப்புவது, பூசுவது எல்லாம் தையிலும் மாசியிலும் நடக்கும். அவற்றைக் கையாளப் போகிறவர்கள் அப்போது அவரவர் ஊரில் இருப்பார்கள்.

முதலாளியின் அறையில் மூவர் அமர்ந்தோம். அவர், அவருடைய தந்தை காலத்திலிருந்து கணக்கு எழுதிவந்த கணக்கர், நான். கணக்கர் சித்தூர்த் தமிழர். பிறர் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டே கேலி செய்வார்.

டிஸ்கை முதலிலேயே பாகம் பாகமாகப் பிரித்துவிட வேண்டும் என்று விளக்கினேன். சர்வர் இயங்குவதற்கு ஒரு பாகம், கணக்குக்கு ஒன்று, கடிதங்களுக்கு ஒன்று, ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று. ஒரு பாகம் நிரம்பிவிட்டால் அடுத்ததில் இடம் இருந்தாலும் அது வழியாது. அதுதான் பிரிப்பதன் பயன். ஒருவர் போட்டு நிரப்புவதால் மற்றவர் வேலை நிற்காது. அதுவே அதன் குறையும்.

"சொத்துப் பிரிக்கிற மாதிரி சொல்றியே" என்றார் கணக்கர். "பின்னால மாத்திக்கலாமா?"

"மாத்தலாம் சார். எல்லாத்தையும் வேற எடத்துல எடுத்து வெச்சிட்டு, டிஸ்க வழிச்சிட்டு, மொதல்லேர்ந்து பிரிக்கணும்."

"அப்போ சரி. எங்க சித்தப்பா வூட்டுப் பங்கும் அப்டித்தான். வழிக்கிறதுக்கு எவனும் ஒத்துக்கல, பாதி வூடு இடிஞ்சே போச்சு."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் மேசைமேல் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல மொத பக்கம் எது?" என்றார்.

டிஸ்குக்குப் பக்கம் இல்லை. ஆனால் தொடக்கம் உண்டு என்றேன்.

"சரே. அந்தத் தொடக்கத்த வுட்டுடு. அது தேவுடிக்கி."

எனக்கு விளங்கவில்லை. கணக்கர் விளக்கினார். அந்த ஆலையில் புதுக் கணக்குப் புத்தகம் தொடங்கினால் முதல் தாளை வெறுமையாக விட்டு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். முதல் லோடு காயில் ஒரு கூடை திருப்பதி மலைக்குப் போகும். முதலில் வருவது சாமிக்கு. அதை எண்ணக் கூடாது, எடுக்கக் கூடாது. புத்தகத்துக்குப் பதிலாக டிஸ்க் வந்தால் வழக்கம் ஏன் மாற வேண்டும்?

நான் வாதாடினேன். அந்நாளைய டிஸ்க் சிறியது. அதில் வெற்றிடம் விடுவது வீண் என்றேன். யந்திரம் உயிர்பெறுவதற்கான பகுதி டிஸ்கின் முன்புறத்தில்தான் இருக்க வேண்டும், சாமி முன்னே அமர்ந்தால் அது பின்னே தள்ளப்படும் என்றேன். அந்தக் கட்டுப்பாடு அக்காலத்து யந்திரங்களில் உண்மையாகவே இருந்தது. முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"எவ்ளோ தூரம் தள்ளலாம்?"

கணக்கிட்டுச் சொன்னேன்.

"அதுக்குள்ள ஆவற மாதிரி வுடு. தேவுடு அட்ஜஸ்ட் பண்ணிக்குவார். ரொம்பச் சின்னதா மட்டும் வுடாத, சிக்கு."

சிக்கு என்றால் வெட்கம். பத்தில் ஒரு பங்கு என்று முடிவாயிற்று.

மற்றப் பாகங்கள் விரைவில் தீர்ந்தன. கணக்குக்கு ஏறக்குறைய பாதி வேண்டும் என்றார் கணக்கர். தணிக்கையாளர் பழைய ஆண்டுகளையும் உள்ளே ஏற்றச் சொல்லியிருக்கிறார் என்பது அவர் சொன்ன காரணம். ஆய்வுக்கூடத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"லேப்புக்கு இன்னாத்துக்கு எடம்? பழத்தச் சீவி, சக்கர எவ்ளோ, புளிப்பு எவ்ளோன்னு ரெண்டு நம்பர் எய்துவாங்க. நாலு பேப்பர்."

ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். மேசைகளின்மேல் போர்வை, கம்ப்யூட்டர்மேல் தூசி. உள்ளே இருந்த ஃபைல்களை அளந்தேன். கணக்கர் சொன்னதே சரி என்று தோன்றும் அளவுக்குக் குறைவாக இருந்தன. அங்கே வேலை செய்பவரிடம் பேசலாமா என்றேன். அவர் சீசன் ஆள், மாங்காய் வந்தால் வருவார் என்றார்கள். அளந்ததற்கு நான்கு மடங்கு ஒதுக்கினேன். அது தாராளம் என்று அப்போது மூவருமே கருதினோம்.

சர்வரைத் தொடங்கி வைத்த அன்று முதலாளி அதன் பெட்டியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். கற்பூரம் காட்டவில்லை, கற்பூரத்தைப் பற்றிச் சொல்பவர்கள் கற்பனையாகச் சொல்கிறார்கள்.

மே மாதத்தில், ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரைச் சர்வருடன் இணைக்கப் போனபோது அந்த அம்மையாரைக் கண்டேன். என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். நகரிக்கும் புத்தூருக்கும் இடைப்பட்ட கிராமத்துக்காரர், வேதியியல் படித்தவர். சீசன் மாதங்களில் சித்தூரில் ஓர் அறை எடுத்துத் தங்குவார். மகள் ஊரில் தாயாரிடம் வளர்ந்தாள். கணவரைப் பற்றி அவர் பேசியதில்லை; நான் கேட்டதுமில்லை. என் தமிழைக் கேட்ட உடனே எந்தப் பக்கம் என்று கண்டுகொண்டார்.

"சத்தியவேடா? அதான் இஸ்துக்கினு பேசறே. துன்னியா தம்பி? அங்க கேன்டீன்ல இப்ப போனாத்தான் கெடைக்கும், அப்புறம் லோடுமேனுங்க வந்துட்டா ரசங்கூட மிஞ்சாது."

ஆலை இப்போது வேறோர் இடமாக இருந்தது. சாலையில் டிராக்டர்கள் வரிசை, தாமலச்செருவு மாங்காய்ச் சந்தையிலிருந்து வந்த லாரிகள், கொட்டைகளின் குவியல், வெயிலில் புளிக்கும் நாற்றம். கூழ் வெந்து இறங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு மணி நேரமும் சர்க்கரை, புளிப்பு, வெப்பம் ஆகியவற்றை அதில் எழுதுவார்கள். அவர் வந்து பார்த்து ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் பலகையைத் துடைத்துவிடுவார்கள். பிறகு தாளை அச்சிட்டு, ஷிப்ட் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேனரில் படமாக்கி, தாள், படம் இரண்டையும் சர்வரில் மட்டும் வைப்பார். வாங்குகிற நாட்டார் கையொப்பத்தின் படத்தைக் கேட்டிருந்தார்கள். அச்சுத்தாளை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது பெட்டிகளுக்கு அடியில் விரிக்கப் போய்விடும்.

அவர் ஃபைலைச் சேமிக்கும் முறையையும் அப்போது கண்டேன். எண்ணில் பிழை நேர்ந்தால் அதைத் திருத்திச் சேமிக்கமாட்டார். புதிய பெயரில் புதிய தாள். பிழையான தாளும் அப்படியே இருக்கும்.

"பேப்பர்ல எய்தின காலத்துல அடிச்சி எய்தக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அடிச்சி எய்தினா அது பொய்க்கணக்கு. இதுல அடிச்சா கோடுகூடத் தெரியாதே தம்பி. பயய எண்ணு எங்க போச்சுன்னு எவனாவது கேட்டா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவ்வகையில் எத்தனை தாள்கள் சேரும் என்பதை மட்டும் தையில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் அப்போது ஊரில் இருந்தார்.

அன்றே இன்னொன்றும் சொன்னார். அந்த ஆண்டு சீசன் முடிவில் வாங்குவோர் சார்பில் ஆய்வாளர் ஒருவர் வருவார். பதிவில் விடுபடல் இல்லாமல் ஆய்வாளர் ஒப்புக்கொண்டால், இந்த அம்மையாரை ஆண்டு முழுவதற்கும் வேலையில் வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அச்சொல்லைக் கணக்கரும் பின்னர் என்னிடம் உறுதி செய்தார்.

"வருஷம் முச்சூடும் சம்பளம் வந்தா அடுத்த ஜூனுக்குப் பொண்ண இங்க இட்டுக்கினு வந்து சேத்துடுவேன். இப்போ மூணு மாசம் லேப்பு மேடம், ஒம்போது மாசம் வேலயத்தவன்னு போய்க்கினுகீது."

ஜூன் நடுவில், வெயில் உச்சத்தில் இருந்த ஒரு பகற்பொழுதில் அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தது. சேமித்தால் சேர்கிறது; திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. நான் திருப்பதியில் பேருந்து ஏறினேன். சந்திரகிரியைத் தாண்டியதும் உறங்கிப்போனேன். அந்த ஆண்டு நான் உறங்கியது பெரும்பாலும் அந்தச் சாலையில்தான்.

ஆய்வுக்கூடத்தின் பாகம் நிரம்பிவிட்டிருந்தது. நிரம்பிய பாகத்தில் ஃபைலின் பெயர் பதியும், பொருள் பதியாது. முந்திய நாள் மாலையிலிருந்து அன்று முற்பகல் வரை, ஒரு முழு ஷிப்டுக்கு மேற்பட்ட தாள்கள் பெயரோடு நின்றன, உள்ளே வெறுமை. பலகையைத் துடைத்துவிட்டார்கள். அச்சிட்ட தாள்கள் போகுமிடத்துக்குப் போய்விட்டன. ஓரிரண்டைப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து அவரே தேடி எடுத்தார். சாறு ஊறி எழுத்து கரைந்திருந்தது.

பழைய தாள்களைச் சுருக்கிப் பார்த்தேன். படங்கள் அதிகம் சுருங்கவில்லை. பிழைத் தாள்களை அழித்தால் இடம் வரும் என்றேன். ஆய்வாளர் பார்க்கும்வரை ஒன்றையும் அழிக்கமாட்டேன் என்றார் அம்மையார். புது டிஸ்க் சென்னையிலிருந்து வர வேண்டும். காய் காத்திருக்காது. அடுத்த மணி நேரத்துத் தாளை எங்கே வைப்பது?

முதலாளியின் அறையில் மறுபடி கூடினோம். இம்முறை அந்த அம்மையாரும் நின்றார். நாற்காலி இருந்தது, அவர் அமரவில்லை.

கணக்குப் பாகத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, அங்கே ஒரு மூலை கொடுத்தால் போதும் என்றேன்.

"என் பாகத்துல கை வெக்காதீங்க" என்றார் கணக்கர். "நாளைக்கு ஆடிட்டர் தெறந்து பாத்து, இதுல மாங்கா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பான்."

"காலியாத்தான சார் கீது" என்றார் அம்மையார்.

"காலியா கீதுன்னா என்னுது இல்லன்னு ஆயிடுமா? எங்க வூட்லயும் ஒரு ரூம் காலியாத்தான் கீது. வந்து குடியிருக்கியா?"

"வாடக சொல்லு சார், வரேன்."

முதலாளி கையை உயர்த்தினார். கணக்கரைக் கட்டாயப்படுத்த அவர் விரும்பவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. தந்தை காலத்து ஆள்; சீசன் நடுவே மனம் கோணினால் வரவு செலவு நின்றுவிடும். முதலாளி சர்வர் இருந்த அறைப்பக்கம் திரும்பினார்.

"தேவுடி பாகம் அப்டியே இருக்குதா?"

இருக்கிறது என்றேன்.

"அதுல கடன் வாங்கிக்கலாம்."

கணக்கர்தான் தெலுங்கில் கேட்டார்: மலையில் இருக்கிறவர் வட்டிக்காரர் அல்லவா, என்ன வட்டி? முடிந்து வைத்த காணிக்கையில் அவசரத்துக்குக் கை வைப்பவர் வட்டியுடன் சேர்த்தே திருப்பி வைப்பது அந்தச் சீமையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் இது பணம் அன்று. வட்டியை முதலாளியே சொன்னார்.

"டபுள். பிரம்மோத்ஸவத்துக்குள்ள புது டிஸ்க் போட்டு டபுளா வுட்டுடணும். சரேனா?" அது எனக்கான கேள்வி. நான் தலையசைத்தேன்.

"சாமிக்கே டபுளுன்னா, என் பாகத்தக் கேட்டிருந்தா நீங்க இன்னா குடுத்திருப்பீங்க?" என்றார் கணக்கர்.

"உனக்கா? நீ வட்டியும் வாங்கிக்கினு பாகத்தையும் குடுத்திருக்கமாட்ட."

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுச் சர்வர் அறைக்குள் வந்தார். கைகூப்பி நின்றார். நான் அந்த வெற்றிடத்தை ஒரு பார்ட்டிஷனாக்கி, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, ஆய்வுக்கூடத்தோடு இணைத்தேன். அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. எந்த வெற்றிடத்தையும் அப்படி இணைக்க முடியும். திட்டமிடும்போது சிறிது இடத்தை ஒதுக்காமல் வைக்கச் சொல்வது இத்தொழிலிலும் உள்ள அறிவுரைதான். வேறு காரணம் சொல்லப்பட்டதால் அன்று நான் அதை எதிர்த்திருந்தேன்.

அடுத்த மணி நேரத்துத் தாள் சேர்ந்தது. திறந்தால் எண்கள் இருந்தன. அம்மையார் மூன்று முறை திறந்து பார்த்தார்.

எஞ்சியது வெறுமையாய் நின்ற தாள்கள். கணக்கர் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். அவரிடம் பகைமை இல்லை. உதவும் எண்ணத்தோடுதான் சொன்னார் என்றே நம்புகிறேன்.

"முன்னாடி இன்னா நம்பர், பின்னாடி இன்னா நம்பர்? நடுவுல அதே மாதிரி போட்டு ரொப்பிடும்மா. அதே காய், அதே ஸ்டீம். எவன் வந்து ருசி பாக்கப் போறான்?"

"பாத்தது நான் தான சார். எனுக்கு ஞாபகம் இல்லையே."

"ஞாபகம் இல்லன்னா போடறதுக்கு இன்னா? நீதான வருஷம் முச்சூடும் வேல கேக்கறே."

நான் அங்கே நின்றிருந்தேன். அந்த அம்மையாருக்காக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எந்தச் சொல் அவருக்கு நன்மை செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. நிரப்பினால் அடுத்த ஜூனில் மகள் சித்தூர்ப் பள்ளியில் இருப்பாள். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது எவருக்கும் தெரியாது. கணக்கர் போனபின் அவர் ஒவ்வொரு வெறுந்தாளுக்கும் எதிராகப் புதிய தாள் ஒன்று திறந்தார். எண் இருக்க வேண்டிய ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதினார். ஒன்றில் எழுதி மற்றவற்றில் ஒட்டிவிடலாம் என்று காட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"ஒட்டினா, பாக்காம ஒட்டிட்டேன்னு ஆயிடும் தம்பி."

அந்தத் தாள்களின் நேரத்தில் அடைத்த டின்களைத் தனியாக அடுக்கி, மேலே சுண்ணாம்பால் குறியிட்டார்கள். அவை கப்பலேறவில்லை, உள்ளூரில் குறைந்த விலைக்குப் போயின. முதலாளி, கணக்கர் இருவரும் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆய்வாளர் வந்த நாளில், பதிவுகளைத் திறந்து காட்டுவதற்காக நானும் அழைக்கப்பட்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்தவர், நடுவயது, தோளில் ஒரு துணிப்பை. முதலில் என்னிடம் பிழைத் தாள்களைக் கேட்டார். எல்லாம் இருப்பதைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். விடுபட்ட பகுதிக்கு வந்ததும் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மையாரை அழைத்தார். கண்ணாடித் தடுப்பின் வழியே இருவரையும் பார்த்தேன். அவர் கேட்டார், இவர் சொன்னார், அவர் எழுதினார். குரல் கேட்கவில்லை. ஏற்றுமதிக்கு ஒப்புதல் கிடைத்தது, அது உறுதி. லாரிகள் சென்னைத் துறைமுகத்துக்குப் போனதைப் பிறகு நானே கண்டேன்.

வெளியே வந்த அம்மையாரிடம், ஆய்வாளர் என்ன கேட்டார் என்றேன்.

"டிஸ்கு ஏன் ரொம்புச்சுன்னு கேட்டாரு. ஜனவரில நான் இங்க இல்லீங்கன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நீ போய்த் துன்னு தம்பி, மூஞ்சி வாடிக் கெடக்குது."

அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

புரட்டாசியில் வரும் பிரம்மோற்சவத்துக்கு முன்பாகப் புது டிஸ்க் எடுத்துக்கொண்டு போனேன். ஆலை மீண்டும் உறக்கத்தில் இருந்தது. தொடக்கத்தில் சாமிக்கு இரு மடங்கு இடம் விட்டேன். முதலாளி பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். நான் காட்டிய வெற்றுக் கட்டத்தை விரலால் அளந்து நிறைவுற்றார். கணக்கரின் பாகம் அப்படியே. ஆய்வுக்கூடத்துக்கு, அந்தச் சீசனின் அளவை வைத்து, நான்கு சீசன் தாங்குமளவு ஒதுக்கினேன். இம்முறை அளவு சரியானது. கையில் உண்மையான எண்கள் இருந்தன. ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது மேசைகளின்மேல் மறுபடி போர்வை கிடந்தது. ஆண்டு முழுவதும் வேலையில் இருப்பவரின் அறையைப் போர்த்தி வைக்கமாட்டார்கள்.

கேட்டேன். "நாங்க நிறுத்தல. சீசன் அயிபோயிந்தி, வேல இல்ல, ஊருக்குப் போயிருக்கா. மாங்கா வந்தா கூப்டுவோம்" என்றார் முதலாளி. வெளியே வந்தபோது கணக்கர் தணிந்த குரலில் வேறொன்று சொன்னார்: "அவளேதான் போயிட்டாப்பா. இருக்கச் சொன்னாங்க. சுண்ணாம்பு போட்ட டின்ன அவ சம்பளத்துல புடிப்பாங்களோன்னு பயந்துக்கினாளோ இன்னாவோ." இருவர் சொன்னதும் ஒத்துவரவில்லை. ஆகவே இரண்டையும் சொன்னபடியே வைக்கிறேன். எதையும் முடிவாகக் கொள்ளவில்லை.

அடுத்த மாம்பழப் பருவத்துக்கு முன்பே எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நின்றவர்களில் கடைசி ஆளும் போனான். அங்கே பெரிய அறைகளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எண்ணற்ற டிஸ்குகளைப் பிரித்துப் பிரித்து ஆண்டுகளைக் கழித்தேன். எந்தத் திட்டக் கூட்டத்திலும், இதில் எழுதப் போகிறவர் இப்போது இந்த அறையில் இருக்கிறாரா என்று கேட்பது என் பழக்கமாயிற்று. பெரும்பாலும் இருக்கமாட்டார். கேள்வியைக் குறித்துக்கொண்டு கூட்டம் அடுத்ததற்குப் போய்விடும். புத்தூர் வழியாக ஊருக்குப் போகும்போது ஒருமுறை பேருந்தில் ஒருவர், அப்படியோர் அம்மாள் தடாப் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்கு வேனில் போய்வருகிறார் என்றார். அவர் சொன்ன அம்மாள் இவர்தானா என்று என்னால் உறுதிப்படுத்த இயலவில்லை.

தெரியாதவை இவை. ஆய்வாளர் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. அந்த அம்மையாரை வேலையிலிருந்து நிறுத்தினார்களா, அவரே போனாரா என்பது தெரியாது. சாமிக்கு விட்ட இடத்தை எனக்குப் பின் வந்தவர் அப்படியே வைத்தாரா என்பது தெரியாது. அந்த அம்மையாரின் மகள் அடுத்த ஜூனில் எந்த ஊர்ப் பள்ளியில் இருந்தாள் என்பதும் தெரியாது.